நாலு லட்சத்தை எதில் போடுவது: கேமராவா, காவலாளியா, வெளிச்சமா?

எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தின் கையிருப்பு நாலு லட்சம் ரூபாய். பத்து வருஷமாகச் சந்தாவில் மிச்சம் பிடித்து, வங்கியில் போட்டு வைத்த பணம். பொங்கல் லீவில் பூட்டிய வீடு ஒன்றை உடைத்து நகையை அள்ளிக்கொண்டு போனதும், "இந்தப் பணத்தை அடைகாத்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நியாயமான கேள்வி. புகார் கொடுத்தாயிற்று, ஸ்டேஷனில் புகாரை வாங்கிக்கொண்டதற்குத் தரும் சிஎஸ்ஆர் ரசீதும் வாங்கியாயிற்று. திருடன் பிடிபட்டு, வழக்கு நடந்து, நகை கோர்ட்டிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் அந்த டிசைனே வழக்கொழிந்துவிடும். சரி, போலீஸ், கோர்ட், ஜெயில் மூன்றும் அவற்றின் வேலையைப் பார்க்கட்டும். நம் பங்குக்குச் செய்யக்கூடியது என்ன என்று பார்க்க ஐந்து பேரைக் குழுவாகப் போட்டார்கள். அதில் நானும் மாட்டிக்கொண்டேன். இரண்டு மாதம் படித்ததையும் ராத்திரியில் தெருவில் நடந்து பார்த்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். வேறு பல சங்கங்களும் இதே குழப்பத்தில் இருக்கும்.

முதலில் ஒரு நோட்டு

கூட்டத்தில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "திருட்டு அதிகமாயிடுச்சு." என்ன திருட்டு, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று கேட்டால் பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றிய வெளியூர் வீடியோக்களும் எங்கள் தெருக் கணக்கில் ஏறியிருந்தன. அதனால் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினோம்.

இரண்டு வருஷத்தில் வாசலில் நிறுத்திய பைக் நாலு போயிருக்கிறது. பூட்டிய வீடு உடைத்தது மூன்று தடவை. அதில் ஒரே வீட்டில் இரண்டு தடவை. கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் கழுத்தில் செயின் பறிப்பு. காலி மனைப் பக்கம் குடித்துவிட்டு இரண்டு அடிதடி. பெட்ரோல் உருவியதற்குக் கணக்கே இல்லை.

எழுதி முடித்துத் தெரு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தபோது பாதிச் சண்டை அடங்கியது. பைக் நாலும் போனது ராத்திரி 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில். அதில் மூன்று கிழக்குக் கோடியில், விளக்கு எரியாத ஒரே இடத்தில். வீடு உடைத்த மூன்று தடவையும் ஆட்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். செயின் பறித்தது விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு, நல்ல வெளிச்சம் வரத் தொடங்கிய நேரத்தில். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வியாதி. இதைச் செய்யாமல் கொட்டேஷன் வாங்கப் போன சங்கங்களை எனக்குத் தெரியும். நாங்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆரம்பித்தோம்.

கேமரா

முதல் கூட்டத்தில் கை தூக்கச் சொன்னால் முக்கால்வாசிக் கை கேமராவுக்குத்தான். பதினாறு கேமரா, படத்தைப் பதிந்து வைக்கும் டிவிஆர் பெட்டி, கேபிள், கம்பத்தில் பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்தைத் தாண்டியது கொட்டேஷன். சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு பழக்கமும் உண்டு. ஏ.கே. விசுவநாதன் 2017 முதல் 2020 வரை மாநகரக் காவல் ஆணையராக இருந்தபோது 'மூன்றாவது கண்' என்ற பெயரில், ஐம்பது மீட்டருக்கு ஒரு கேமரா என்ற இலக்கோடு, வியாபாரிகளையும் குடியிருப்போரையும் சொந்தக் காசில் மாட்ட வைத்தார்கள். அதன் பிறகு கேமரா இல்லாத தெரு என்றால் ஏதோ குறை இருக்கிற மாதிரி ஆகிவிட்டது.

கேமராவால் குற்றம் குறைகிறதா? 40 ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி 2019-இல் வந்த மதிப்பாய்வு, குறைகிறது என்றுதான் சொல்கிறது. சுமார் 13 விழுக்காடு. ஆனால் அதற்குள்ளே போய்ப் பார்க்க வேண்டும். வண்டி நிறுத்துமிடங்களில் பலன் நன்றாகத் தெரிகிறது. ஆள் உட்கார்ந்து நேரலையாகப் பார்த்து, உடனே யாரையாவது அனுப்பும் இடங்களில் பலன் அதிகம். வெறுமனே பதிவு செய்து வைக்கும் இடங்களில் அவ்வளவு இல்லை. அடிதடி போன்ற வன்முறையில் பலன் ஒன்றும் பெரிதாகத் தென்படவில்லை. எங்கள் கொட்டேஷனில் நேரலையாகப் பார்க்க ஆள் கிடையாது.

எங்களுக்குச் சொந்த அனுபவமும் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்பு நன்கொடையாக வந்த நாலு கேமரா தெருவில் ஏற்கெனவே தொங்குகிறது. இரண்டாவது பைக் போன அன்று எல்லோரும் ஓடிப்போய் டிவிஆரைத் திறந்தோம். ஒரு கேமராவில் லென்ஸை மூடிச் சிலந்தி வலை. இரவு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும் என்று மெக்கானிக் பிறகு விளக்கினார். இன்னொன்றின் முன்னால் வேப்பங்கிளை. மூன்றாவதில் ஹெல்மெட் போட்ட ஒருவன் வண்டியை நிதானமாகத் தள்ளிக்கொண்டு போகிறான். நாலாவது எட்டு மாதமாகப் பதியவே இல்லை. ஹெல்மெட்காரனின் படத்தை பென் டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு எங்கே போனோம்? ஸ்டேஷனுக்குத்தான். கேமரா பெரும்பாலும் நடந்து முடிந்ததற்குச் சாட்சி. சாட்சியால் பலன் வர வேண்டுமென்றால் மறுபடி போலீஸும் கோர்ட்டும் ஓட வேண்டும்.

அதற்காக வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் பகுதிக்கு வண்டியில் வர இரண்டே வழி. அந்த இரண்டு வாயிலிலும் நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி நல்ல கேமரா இரண்டிரண்டு இருந்தால் போதும். பதினாறு மாட்டி நாலைப் பராமரிப்பதைவிட, நாலு மாட்டி நாலையும் பராமரிக்கலாம். மாதம் ஒரு நாள் ஏணி போட்டுத் துடைக்க ஆள் யார் என்பதை முதலிலேயே எழுதி வைத்துவிட வேண்டும்.

காவலாளி

தெருவில் இப்போதும் ஒரு கூர்கா வருகிறார். மாதம் பிறந்தால் வீட்டுக்கு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொள்வார். ராத்திரி விசில் ஊதி, தடியைத் தரையில் தட்டிக்கொண்டே போவார். அவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பது நமக்கும் தெரியும், திருடனுக்கும் தெரியும். இருந்தாலும் தூக்கம் வராத கிழவர்களுக்கு அந்தச் சத்தம் ஒரு தைரியம், அதையும் தள்ளிவிட முடியாது.

ஏஜென்சி மூலம் இரண்டு பேரைப் போடலாம் என்பது ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் யோசனை. ஆளுக்கு மாதம் பதினைந்தாயிரம் என்றாலும் வருஷத்துக்கு 3,60,000. பத்து வருஷச் சேமிப்பு பன்னிரண்டு மாதத்தில் ஏறக்குறைய காலி, அதற்குப் பிறகு என்ன செய்வது? தவிர, பன்னிரண்டு மணி நேரம் நின்று, பகலில் வேறொரு வேலையும் பார்த்துவிட்டு வரும் அறுபது வயதுக்காரரிடம் எதை எதிர்பார்க்க முடியும்? கையில் ஒரு டார்ச், உட்காரக் கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலி. திருடன் கத்தியைக் காட்டினால் அவரை ஓடச் சொல்வதுதான் மனிதத்தன்மை.

காவலைக் காசு கொடுத்து வாங்குவதில் நமக்கு நீண்ட அனுபவம் உண்டு. பாடிகாவல் என்பது சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே வரியாக வரும் சொல். பிற்காலத்தில் மதுரை, நெல்லைச் சீமைகளில் ஊர்க்காவல் ஓர் உடன்படிக்கை மாதிரி நடந்தது. காவல்காரருக்கு ஊர் தானியமும் பணமும் கொடுக்கும். களவு போனால் அவர் பொருளை மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். இன்றைக்கு எந்த ஏஜென்சியாவது அந்த வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சம்மதிக்குமா? நான் கேட்டுப் பார்த்தேன், சிரித்தார்கள்.

ஆனால் அந்த முறைக்கு இன்னொரு முகமும் இருந்தது. காவல் கூலி கொடுக்க மறுத்த ஊரில் மாடு காணாமல் போகும். 'துப்புக்கூலி' கொடுத்தால் மாடு எங்கே கட்டியிருக்கிறது என்று துப்பு வரும். காவலும் களவும் ஒரே கைக்குப் போகக்கூடிய ஆபத்து இந்த ஏற்பாட்டில் எப்போதும் உண்டு. பிரிட்டிஷார் காவல் உரிமைகளை ஒழித்துப் போலீஸைக் கொண்டுவந்தார்கள். 1911-இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டி, சில சாதிகளில் பிறப்பதையே குற்றமாக்கி, ஊர் ஊராகக் கைரேகை எடுத்தார்கள். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் கைரேகைச் சட்டம். ரேகை கொடுக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது, பதினாறு பேருக்குக் குறையாமல் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போக 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதை இங்கே இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டாவது கூட்டத்தில் ஒருவர் எழுந்து, கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலப் பையன்கள் எல்லோரிடமும் ஆதார் ஜெராக்ஸும் போட்டோவும் வாங்கிச் சங்கத்தில் வைக்க வேண்டும் என்றார். கைதட்டல் வேறு. எங்கள் நோட்டில் அவர்களைச் சம்பந்தப்படுத்தி ஒரு வரிகூட இல்லை. உண்மையில் போன பைக்குகளில் ஒன்று அவர்களில் ஒருவருடையது. பழைய வண்டி, தவணை இன்னும் முடியவில்லை. நான் எழுந்து கைரேகைச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. தீர்மானம் மட்டும் போடவில்லை.

இளைஞர்களைச் சேர்த்து இரவு ரோந்து விடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. 1993-இல் ராமநாதபுரத்தில் போலீஸ் அதிகாரி பிரதீப் பிலிப் தொடங்கிய 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்', போலீஸுக்கு உதவப் பொதுமக்களைச் சேர்த்துக்கொள்ளும், நல்ல எண்ணத்தில் பிறந்த அமைப்புதான். போலீஸ் பிடித்துப்போன அப்பாவும் மகனும் செத்துப்போன சாத்தான்குளம் சம்பவத்துக்குப் பிறகு 2020 ஜூலையில் அரசு அதன் செயல்பாட்டை நிறுத்த வேண்டி வந்தது. பயிற்சியும் பொறுப்பும் இல்லாதவர் கையில் அதிகாரத்தின் வாசனை மட்டும் போனால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு உண்டு. ராத்திரி பதினொரு மணிக்குத் தடியோடு நாலு பையன்கள், தெரியாத முகம் ஒன்று வருகிறது என்று வையுங்கள். எனக்கு மேலே யோசிக்கப் பிடிக்கவில்லை.

வெளிச்சமும் காலி மனையும்

கிழக்குக் கோடியில் நாலு மின்கம்பம். இரண்டில் விளக்கு எரியவில்லை, ஒன்று மரக்கிளைக்குள் புதைந்து பச்சையாக ஒளிர்கிறது. நாலாவது மினுக்கி மினுக்கி அணைகிறது. மூன்று பைக் போனது இந்த நாற்பது அடிக்குள்.

நியூயார்க்கில் 2016-இல் நல்லதொரு பரிசோதனை செய்தார்கள். குற்றம் மிகுந்த சுமார் 80 அரசுக் குடியிருப்புகளை எடுத்து, குலுக்கல் போட்டுப் பாதியில் மட்டும் பெரிய விளக்குக் கோபுரங்களை ஆறு மாதம் நிறுத்தினார்கள். அந்த இடங்களில் இரவில் வெளியே நடக்கும் கடுங்குற்றங்கள் 36 விழுக்காடு குறைந்தன. அதற்கு முந்தைய வருஷம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிகளின் கணக்கை எடுத்துப் பார்த்த ஆய்வு, காசு மிச்சம் பிடிக்கத் தெருவிளக்கை அணைத்த இடங்களிலும் மங்கலாக்கிய இடங்களிலும் குற்றம் கூடியதாகத் தெரியவில்லை என்றது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணா? நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஆள் நடமாட்டமும் ஜன்னலும் இருக்கும் இடத்தில் வெளிச்சம் வேலை செய்யும். பார்க்க ஆளே இல்லாத இடத்தில் திருடனுக்குத்தான் டார்ச் செலவு மிச்சம். எங்கள் கிழக்குக் கோடியில் இரண்டு பக்கமும் மாடி வீடு, எல்லா ஜன்னலும் தெருவைப் பார்த்தது. வெளிச்சம் இருந்தால் பார்க்கக் கண் இருக்கிறது.

இதில் இன்னொரு சௌகரியம், விளக்கு மாநகராட்சியின் வேலை. சென்னையில் 1913 என்ற எண்ணுக்குப் போன் போட்டு, கம்பத்தின் எண்ணைச் சொல்லிப் புகார் எண் வாங்கினால் செலவு இல்லை. எங்கள் சங்கம் இரண்டு வருஷமாக "விளக்கு எரியவில்லை" என்று மட்டுமே புலம்பியிருக்கிறது, கம்பத்தின் எண்ணை ஒருவரும் குறித்து வைக்கவில்லை. கிளை வெட்டும் செலவும், தனியார் சுவரில் போடும் கூடுதல் விளக்குச் செலவும்தான் நமக்கு.

கோடியில் இருக்கும் காலி மனை தனிக் கதை. சொந்தக்காரர் வெளிநாட்டில். சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, உள்ளே காலி பாட்டிலும் பிளாஸ்டிக் டம்ளரும். அடிதடி இரண்டும் அதன் ஓரத்தில் நடந்தவை. திருடுபோன பைக் ஒன்றின் சீட் கவர் அதற்குள்தான் கிடைத்தது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இப்படிக் கைவிடப்பட்ட 541 மனைகளை வைத்து ஒரு ஆய்வு நடந்து, 2018-இல் முடிவு வெளியானது. குப்பையை அள்ளி, புல் போட்டு, இடுப்பளவு மரவேலி அடித்தார்கள், அவ்வளவுதான். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள பகுதிகளில் துப்பாக்கிச் சம்பவங்கள் 29 விழுக்காடும், வீடு புகுந்து திருடுவது 22 விழுக்காடும் குறைந்தன. நம்மூரில் துப்பாக்கி இல்லை, புல்லும் நிற்காது. ஆனால் ஒளியவும் குடிக்கவும் பதுக்கவும் தோதான இடத்தை வெட்டவெளியாக்குவது என்ற சங்கதி அப்படியே பொருந்தும். ஜேசிபி ஒரு நாள், லாரி ஒரு நாள், கம்பிவேலி. சொந்தக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கியாக வேண்டும். மின்னஞ்சல் அனுப்பியதும் ஒரே நாளில் சரி என்றுவிட்டார், செலவைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

பூட்டும் பக்கத்து வீடும்

படித்ததில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் உள்ள கிர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பின் கதை. 2,280 வீடுகள், பெரும்பாலும் ஏழைகள். 1980-களின் நடுவில் வீடு புகுந்து திருடுவது அங்கே சகட்டுமேனிக்கு நடந்தது. திட்டம் தீட்டியவர்கள் முதலில் எதையும் வாங்கவில்லை. திருட்டுக் கொடுத்தவர்களிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் பிடிபட்ட திருடர்களிடமும் போய்ப் பேசினார்கள். இரண்டு விஷயம் தெரியவந்தது. ஒன்று, அந்த வீடுகளில் கேஸுக்கும் கரண்டுக்கும் காசு போட்டால் ஓடும் மீட்டர் இருந்தது. அதாவது ஒவ்வொரு வீட்டிலும் சில்லறை நிறைந்த ஓர் உண்டியல். திருட வருகிறவன் அதைத்தான் உடைத்தான். இரண்டு, ஒரு தடவை திருட்டுப் போன வீட்டிலேயே சில வாரங்களில் மறுபடி திருட்டுப் போனது. வழி தெரிந்தவன், பூட்டு தெரிந்தவன், காப்பீட்டில் புது டிவி வந்திருக்கும் என்று தெரிந்தவன்.

அதனால் காசு மீட்டரைக் கழற்றினார்கள். திருட்டுப் போன வீட்டுக்கு உடனே நல்ல பூட்டும் தாழ்ப்பாளும் போட்டார்கள். அந்த வீட்டைச் சுற்றியிருந்த ஐந்தாறு வீட்டாரைக் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு இந்த வீட்டின்மேல் ஒரு கண் வையுங்கள் என்றார்கள். தொடங்குவதற்கு முந்தைய வருஷம் 526 திருட்டு. மூன்றாவது வருஷம் 132. பல வேலைகளை ஒன்றாகச் செய்ததால் எது எவ்வளவு பலித்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பது ஆய்வாளர்கள் மத்தியில் பழைய முணுமுணுப்பு. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் நோட்டில் மூன்றில் இரண்டு ஒரே வீடு என்பதைப் பார்த்த பிறகு அந்த முணுமுணுப்பு என்னை அதிகம் தொந்தரவு செய்யவில்லை. அந்த வீட்டுப் பின்கதவின் தாழ்ப்பாள் முதல் தடவை உடைத்த பிறகு கட்டுக்கம்பியால் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. ஆறு மாதம் கழித்து வந்தவன் அதைக் கையாலேயே பிரித்திருக்கிறான்.

ஊருக்குப் போகும்போது ஸ்டேஷனில் பூட்டிய வீடு என்று எழுதி வைக்கச் சொல்கிறார்கள். அதைச் செய்யுங்கள். கூடவே இடது வீடு, வலது வீடு, எதிர் வீடு மூன்றிலும் சொல்லிவிட்டுப் போங்கள். எதிர் வீட்டு அம்மா வாசல் தெளித்து இரண்டு இழை கோலம் போட்டுவிட்டால், பால் பாக்கெட்டையும் பேப்பரையும் எடுத்து வைத்துவிட்டால், ஆள் இல்லை என்று வெளியே யாருக்குத் தெரியும்? இதற்குப் பைசா செலவில்லை. கௌரவம்தான் கொஞ்சம் இடிக்கும், ஏனென்றால் பக்கத்து வீட்டோடு பேச்சு இருக்க வேண்டும்.

பைக் விஷயத்தில் ஜெர்மனிக்காரர்கள் தற்செயலாக ஒரு பாடம் கற்றார்கள். 1980-இல் ஹெல்மெட் போடாதவருக்கு அந்த இடத்திலேயே அபராதம் என்று கொண்டுவந்தார்கள், நோக்கம் உயிர் காப்பது. அந்த வருஷம் ஒன்றரை லட்சமாக இருந்த பைக் திருட்டு 1986-இல் 54 ஆயிரமாக இறங்கிவிட்டது. நினைத்தவுடன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிறவனிடம் ஹெல்மெட் இருக்காது. ஹெல்மெட் இல்லாமல் போனால் முதல் சிக்னலிலேயே மாட்டுவான். பைக் கிடைக்காதவர்கள் அதே அளவுக்குக் காரையோ சைக்கிளையோ தூக்கவும் இல்லை. எங்கள் தெருவில் என்ன செய்கிறோம்? ஹெல்மெட்டை வண்டியின் கண்ணாடியிலேயே மாட்டிவிட்டுத் தூங்கப் போகிறோம். வண்டியோடு சீருடையும் சேர்த்துக் கொடுக்கிறோம்! டிவிஆரில் நாங்கள் பார்த்த அந்த ஹெல்மெட் வண்டிக்காரருடையதேதான்.

சைடு லாக்கை நம்பிப் பயனில்லை, காலால் ஒரு உதை போதும். சக்கரத்தில் கோத்துத் தூணோடோ கேட்டோடோ கட்டும் சங்கிலிப் பூட்டு ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. உடைக்க முடியாத பூட்டு கிடையாது, ஆனால் ராத்திரி மூன்று மணிக்குச் சத்தமில்லாமல் உடைப்பது கஷ்டம். பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுவான் என்பார்கள். கொஞ்சம் போகத்தான் செய்வான். 1970-களில் பிரிட்டன் புதுக் கார்களுக்கு மட்டும் ஸ்டீயரிங் பூட்டைக் கட்டாயமாக்கியதும் திருடர்கள் பழைய கார்களுக்கு மாறினார்கள். மேற்கு ஜெர்மனியிலோ பழசு புதுசு எல்லாவற்றுக்கும் கட்டாயமாக்கியதில் கார் திருட்டே இறங்கியது. ஆகவே பூட்டை வசதியுள்ள பத்து வீட்டோடு நிறுத்தக் கூடாது. பின் தெருவின் வாடகை வீடுகளுக்கும் கட்டட வேலைப் பையன்களுக்கும் பாதி விலையில் சங்கம் கொடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

மதகில் உட்காரும் பையன்கள்

டீக்கடைக்கு எதிரே மதகுச் சுவரில் சாயங்காலமானால் ஏழெட்டுப் பையன்கள். பின்னால் இருக்கும் வாரியக் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். பத்தாவது, பன்னிரண்டாவதோடு நின்றவர்கள். "இவங்களைத் திருத்தினா எல்லாம் சரியாகிடும்" என்று ஒரு கட்சி. ஒரு நாள் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் லாக்கப்பைக் காட்டிப் பயமுறுத்தலாம் என்று அதில் ஒரு கிளைக் கட்சி.

பயமுறுத்தும் வைத்தியத்தை அமெரிக்கர்கள் 1970-களிலிருந்து செய்து பார்த்தார்கள். பையன்களைச் சிறைக்குள் கூட்டிப்போய் ஆயுள் கைதிகளை விட்டு மிரட்ட வைப்பது. பல ஊர்ப் பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், போய் வந்த பையன்கள் போகாதவர்களைவிட அதிகமாகத்தான் குற்றம் செய்தார்கள். அன்பான வைத்தியமும் தப்பிப் போயிருக்கிறது. மாசசூசெட்ஸில் 1939-இல் தொடங்கி, 506 பையன்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஆலோசகர், டியூஷன், கோடை முகாம் எல்லாம் கொடுத்தார்கள். முப்பது வருஷம் கழித்துத் தேடிப் பார்த்தால் உதவி பெற்றவர்களின் நிலைமை மற்றவர்களைவிட மோசம். உதவியே பெறாத ஜோடி தேவலை என்று ஆய்வாளரே எழுத வேண்டியதாயிற்று. தப்புப் பண்ணும் பையன்களை ஒரே இடத்தில் கூட்டி வைத்ததுதான் வினையோ என்று சந்தேகப்பட்டார்கள்.

பலித்தவையும் உண்டு. சிகாகோவில் 2012 கோடையில் வன்முறை மிகுந்த பள்ளிகளின் மாணவர்கள் 1,634 பேரைக் குலுக்கலில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு எட்டு வாரம் பகுதிநேர வேலை கொடுத்தார்கள். அடுத்த 16 மாதங்களில் அவர்கள் வன்முறைக் குற்றத்தில் கைதாவது 43 விழுக்காடு குறைந்தது. கவனிக்க வேண்டியது, திருட்டில் அப்படி ஒன்றும் குறையவில்லை. லைபீரியாவின் மன்ரோவியாவில் 999 தெருவோர இளைஞர்களோடு நடந்த சோதனையில், எட்டு வாரம் மனப்பயிற்சியும் கூடவே 200 டாலர் பணமும் பெற்றவர்களிடம் திருட்டும் வன்முறையும் பத்து வருஷம் கழித்தும் பாதியாக இருந்தன. ஆனால் அது பயிற்சி பெற்றவர்கள் நடத்த வேண்டிய வேலை, தெருச் சங்கம் கையில் எடுக்கக் கூடாது.

நேராகவே சொல்லிவிடுகிறேன். மதகுப் பையன்கள் எங்கள் தெருவில் எதையும் திருடியதாக ஒரு ஆதாரமும் இல்லை. அவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றால் அதைக் குற்றத் தடுப்பு என்ற தலைப்பில் எழுதக் கூடாது. அப்படி எழுதினால், கேரம் போர்டு வாங்கித் தரும்போதே "நீ திருடன்தானே" என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். மனை சுத்தம் செய்ய, கிளை வெட்ட, கேமரா துடைக்க ஆள் வேண்டும். அந்த வேலைக்கு அவர்களைக் கூப்பிட்டு, வெளியாளுக்குக் கொடுக்கும் கூலியையே கொடுப்போம் என்றேன். கூட்டத்தில் இருந்த டெய்லர் அண்ணன்தான் முதலில் ஆமாம் என்றார்.

டாஸ்மாக்

இதைப் பேசாமல் எந்தத் தமிழ்நாட்டுச் சங்கக் கூட்டமும் முடியாது. பிரேசிலின் டியடெமா நகரில் 2002-இல் மதுக்கடைகளை இரவு 11 மணிக்கு மூட வைத்ததும் கொலைகள் வெகுவாகக் குறைந்தன. நம்மூரில் கடை 10 மணிக்கே மூடுகிறது. பிரச்சினை மூடிய பிறகு பாட்டிலோடு எங்கே உட்காருகிறார்கள் என்பதில். கடையை நகர்த்த மனு கொடுக்கலாம், கொடுத்தோம். நாலு லட்சத்தில் வாங்கக்கூடிய விஷயம் இல்லை என்பதால் தள்ளி வைத்தோம். மனை வெளிச்சமானால் உட்காரும் இடமாவது மாறும்.

என்ன முடிவானது

கிழக்குக் கோடி விளக்கு, கிளை வெட்டு, காலி மனை மூன்றுக்கும் சேர்த்து 1,20,000. இரண்டு வாயிலிலும் நாலு கேமரா, மூன்று வருஷப் பராமரிப்போடு 1,10,000. பாதி விலைச் சங்கிலிப் பூட்டுக்கும், உடைபட்ட வீடுகளின் தாழ்ப்பாளுக்கும் 45,000. மிச்சம் வங்கியிலேயே இருக்கட்டும். ஏஜென்சி வேண்டாம், கூர்கா தொடர்கிறார், விசில் இல்லாமல் நடக்கச் சொல்லிப் பார்க்கலாம் என்று ஒருவர் சொல்ல, அது அவருக்கே ஆபத்து என்று இன்னொருவர் மறுத்தார். அது இன்னும் பேச்சில் இருக்கிறது. ஓய்வுபெற்ற அதிகாரி எதிர்த்து வாக்களித்தார். ஒரு வருஷத்தில் நோட்டைத் திறந்து பார்ப்போம், குறையவில்லை என்றால் தான் சொன்னதைச் செய்ய வேண்டும் என்றார். தீர்மானப் புத்தகத்தில் அதையும் எழுதிக்கொண்டோம்.

செயின் பறிப்புக்குத்தான் எந்தப் பட்டியலிலும் வழி கிடைக்கவில்லை. வெளிச்சம் இருந்தது, பூட்ட எதுவும் இல்லை, கேமரா இருந்திருந்தால் ஒரு ஹெல்மெட் தெரிந்திருக்கும். கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது, பறிகொடுத்த அந்த அம்மாவே சொன்னார். பக்கத்து மூன்று வீட்டுப் பெண்களும் இப்போது ஆறு மணிக்கு ஒன்றாகத்தான் வாசலுக்கு வருகிறார்களாம். கோலமாவு டப்பா ஒன்றையே நாலு வீட்டுக்கும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் யாரும் யோசிக்காத ஏற்பாடு, நோட்டில் நான் அதைக் கடைசி வரியாக எழுதிக்கொண்டேன்.